கிட்டாருக்குத் தியரி எவ்வளவு வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் இரண்டு வருடமாக டேப் (எந்தக் கம்பியில் எந்த இடத்தை அழுத்துவது என்று எண்ணால் காட்டும் குறிப்பு) பார்த்துக் கிட்டார் வாசிக்கிறார். இருபது முப்பது பாட்டுக்குக் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தெரியும். பென்டடானிக், அதாவது ஐந்து ஸ்வர, ஸ்கேலின் முதல் வடிவமும் கைவசம். ஆனால் சோலோ வாசித்தால் மாடிப்படியில் ஏறி இறங்குவது போல இருக்கிறது, சொந்தமாக நாலு கார்டைக் கோக்கவும் வரவில்லை. தியரி படித்தால் சரியாகுமா, இல்லை, சிலர் பயமுறுத்துவது போல இருக்கிற உணர்வும் போய்விடுமா என்பது அவர் கேள்வி.

சரியாகும். ஒரே நிபந்தனை, இன்று படித்தது இன்றைக்கே விரலுக்கும் காதுக்கும் போய்ச் சேர வேண்டும். புத்தகத்தில் ஐம்பது பக்கம் படித்துவிட்டு அப்புறம் கிட்டாரை எடுக்கலாம் என்று நினைத்தவர்கள் பெரும்பாலும் புத்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். ஜாஸ் கிட்டார் மேதைகளான வெஸ் மான்ட்கோமரிக்கும் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கும் நோட்டேஷன் (தாளில் எழுதிய இசைக் குறிப்பு) படிக்கத் தெரியாது, அவர்களே தியரி இல்லாமல்தானே அப்படி வாசித்தார்கள் என்று ஒரு வாதம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நோட்டேஷன் படிப்பது எழுத்தறிவு. தியரி இலக்கண அறிவு. "வந்தான்" என்று சரியாகச் சொல்லும் குழந்தைக்குப் பகுதி, விகுதி எல்லாம் தெரியாது, ஆனால் இலக்கணம் அதன் வாய்க்குள் இருக்கிறது. வெஸ் மான்ட்கோமரி, ஜாஸ் கிட்டாரிஸ்ட் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை ரெக்கார்டில் கேட்டுக் கேட்டு, ஸ்வரம் பிசகாமல் வாசித்துப் பழகியவர். எந்தக் கார்டின் மேல் எந்த ஸ்வரம் உட்காரும் என்பது அவர் காதுக்கு அத்துபடி. அந்த மாதிரிக் காதும் அத்தனை மணி நேரமும் இருந்தால் பெயர்கள் இல்லாமலேயே சமாளிக்கலாம். மற்றவர்களுக்குப் பெயர் தெரிந்தால் வேலை சுருங்கும், அவ்வளவுதான்.

எனக்கு இது உறைத்த இடம் ஒரு ஒத்திகை. ஜி, ஈ மைனர், சி, டி என்று ஜி சுருதியில், அதாவது ஐந்து கட்டையில், ஒரு பாட்டை மனப்பாடமாக வாசித்துக்கொண்டிருந்தேன். பாடுகிறவர், "ஐந்து கட்டை எனக்கு ஒத்துவரவில்லை, மூன்று கட்டைக்கு இறக்குங்கள்" என்றார். கழுத்தில் மாட்டிக் கம்பிகளை மொத்தமாக அழுத்தும் கிளிப்பான கேபோ கையில் இருந்தது. ஆனால் கேபோ சுருதியை ஏற்றும், இறக்காது. நான் விழித்துக்கொண்டு நின்றேன். கீபோர்டு வாசிப்பவர் என்னைப் பார்த்து, "ஒன்று, ஆறு, நாலு, அஞ்சு, அதே பாட்டுதான்" என்றார். கார்ட்கள் ஸ்கேலில் நிற்கும் இடத்தின் எண்கள் அவை. அவருக்கு அது ஒரு வாக்கியம், எனக்கு நாலு கை வடிவங்கள். அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடை ரொம்பச் சின்னது. கேபோவை இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) போட்டு டி, பி மைனர், ஜி, ஏ வடிவங்களைப் பிடித்தால் மூன்று கட்டை, அதாவது ஈ, வந்துவிடும்.

இனி வரிசைக்கு வருவோம். முதல் வேலை கழுத்தில் இருக்கிற பெயர்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் அரைப்படி, பன்னிரண்டு அரைப்படி போனால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில். பெயர்களுக்கு நடுவே பொதுவாக இரண்டு ஃப்ரெட் இடைவெளி. பி–சி, ஈ–எஃப் ஆகிய இரண்டு ஜோடிகள் மட்டும் ஒட்டிக்கொண்டு, ஒரு ஃப்ரெட் இடைவெளியில் நிற்கும். இந்த ஒரு விதியோடு ஆறாம் கம்பியையும் (மிகத் தடித்தது) ஐந்தாம் கம்பியையும் முதலில் படியுங்கள், ஏனென்றால் ஒரே விரலைக் குறுக்கே வைத்துப் பிடிக்கும் பார் கார்ட்களின் ரூட், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரம், பெரும்பாலும் அங்கேதான். அதன் பிறகு நாளைக்கு ஒரு ஸ்வரம். உதாரணமாக சி. ஆறாம் கம்பியில் 8ஆம் ஃப்ரெட், ஐந்தாவதில் 3, நாலாவதில் 10, மூன்றாவதில் 5, இரண்டாவதில் 1, முதல் கம்பியில் மறுபடி 8. ஆறு கம்பி, ஆறு இடம். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை மெதுவாக ஓடவிட்டு, வாயால் பெயரைச் சொல்லிக்கொண்டே ஆறையும் தொட்டு வாருங்கள். தினம் ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் செய்தால் வெறுப்புதான் மிஞ்சும்.

கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் உறவு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. ட்யூன் செய்யும்போது 5ஆம் ஃப்ரெட்டை அழுத்தி அடுத்த கம்பியோடு சேர்ப்பீர்கள், மூன்றாம் கம்பியில் மட்டும் 4ஆம் ஃப்ரெட். அந்த ஒரு விதிவிலக்கால்தான் மற்ற கம்பிகளில் பழகிய வடிவங்கள் எல்லாம் இரண்டாம் கம்பிக்கு வந்ததும் ஒரு ஃப்ரெட் தள்ளிப் போகின்றன. இதைப் புரிந்துகொண்டால் ஸ்கேல் வடிவங்களை ஐந்து தனிப் படங்களாக மனப்பாடம் செய்கிற பாரம் பாதியாகக் குறையும்.

ட்யூனிங் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குப் பல வருடம் புரியாத தொல்லை இது. ஈ மேஜர் கார்டைப் பிடித்து, மூன்றாம் கம்பியைத் தேன் மாதிரி சேரும்வரை காதாலேயே இறக்கி வைப்பேன். உடனே சி கார்டுக்குப் போனால் அதே கம்பி இறங்கிக் கேட்கும். கம்பி மேல் குற்றமில்லை. கிட்டாரின் ஃப்ரெட்கள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாக வெட்டி வைத்தவை. ஒவ்வொரு ஃப்ரெட்டும் அதிர்வெண்ணை ஏறக்குறைய 1.0595 மடங்காக்கும், பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக இரண்டு மடங்கு. இந்தக் கணக்கில் மேஜர் மூன்றாம் ஸ்வரம் (சி–யை ஒன்றாக வைத்து சி, டி, ஈ என்று எண்ணினால் வரும் ஈ போல) இயற்கையான இடத்தைவிட அரைப்படியில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத் தூக்கலாக விழும். ஈ கார்டில் மூன்றாம் கம்பிதான் அந்த மூன்றாம் ஸ்வரம். அதை இனிமையாக்கினால் மற்ற கார்ட் எல்லாவற்றிலும் கம்பி இறங்கிவிடும். ட்யூனரை நம்பிவிடுங்கள்.

அடுத்தது மேஜர் ஸ்கேல். வடிவமாகப் படிக்காமல் ஒரே கம்பியில் வாசியுங்கள். இரண்டாம் கம்பியில் 1, 3, 5, 6, 8, 10, 12, 13. சி மேஜர் முழுசாக வந்துவிட்டது. எங்கே இரண்டு ஃப்ரெட் தாவுகிறோம், எங்கே ஒன்று என்பதைக் கை உணர்கிறதல்லவா, அதுதான் ஸ்கேல். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். இயல்பான மைனர் ஸ்கேல் நடபைரவி. மேஜர் பென்டடானிக் மோகனம், மைனர் பென்டடானிக் சுத்த தன்யாசி. சி மேஜர் பென்டடானிக்கின் அதே ஐந்து ஸ்வரங்களை ஏ–வில் தொடங்கி வாசித்தால் ஏ மைனர் பென்டடானிக் ஆகிறதே, அது கிரக பேதம். ஆனால் இந்த ஒப்பீடு ஸ்வர ஸ்தானத்தோடு நின்றுவிடும். கமகமும் சஞ்சாரமும் இல்லாமல் ராகம் இல்லை என்பதால், ஸ்கேல் தெரிந்ததும் ராகம் தெரியும் என்று யாரிடமும் சொல்லிவிட வேண்டாம்.

இதற்கப்புறம்தான் கார்ட், கிட்டார்காரர்களுக்குத் தியரி இனிக்க ஆரம்பிப்பதும் இங்கேதான். ஸ்கேலில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் கார்ட். சி, ஈ, ஜி சேர்ந்தால் சி மேஜர். இப்போது கையில் சி கார்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பெயர் சொல்லுங்கள். ஐந்தாம் கம்பியில் சி, நாலாவதில் ஈ, மூன்றாவதில் ஜி, இரண்டாவதில் மறுபடி சி, முதல் கம்பியில் மறுபடி ஈ. ஐந்து கம்பி ஒலித்தாலும் ஸ்வரம் மூன்றே மூன்றுதான். இப்போது ஏ மைனருக்குப் போங்கள். நகர்வது மோதிர விரல் ஒன்றுதான், மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஏன்? ஏ மைனரின் ஸ்வரங்கள் ஏ, சி, ஈ. மூன்றில் இரண்டு இரு கார்டுக்கும் பொது, ஜி மட்டும் ஏ–வாக மாறுகிறது. இந்த மாற்றத்தை ஆயிரம் தடவை செய்திருப்பீர்கள். அது ஏன் அவ்வளவு மென்மையாகக் கேட்கிறது என்பதற்கு இந்தப் பொது ஸ்வரங்கள்தான் காரணம்.

ஈ மேஜரைப் பிடித்து, மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும் விரலை எடுத்துவிடுங்கள். ஈ மைனர். ஜி ஷார்ப் இருந்த இடத்தில் ஜி, ஒரே அரைப்படி, கார்டின் முகமே மாறிவிட்டது. மூன்றாம் ஸ்வரம்தான் மேஜரா மைனரா என்று தீர்மானிக்கிறது. இதை மறக்காதீர்கள், சோலோவில் இதே ஆள் திரும்ப வருவார்.

ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களின் மேலும் இப்படிக் கார்ட் கட்டினால் ஒரு குடும்பம் கிடைக்கும். ஜி மேஜரில் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர், கடைசியாக எஃப் ஷார்ப் டிமினிஷ்ட். கடைசி ஆளை இப்போதைக்குக் கண்டுகொள்ள வேண்டாம். மற்ற ஆறுக்கும் எண் கொடுங்கள். ஒன்று, நாலு, ஐந்து மேஜர், இரண்டு, மூன்று, ஆறு மைனர். எந்தக் கீயிலும், அதாவது எந்த ஸ்வரத்தின் மேஜர் ஸ்கேலிலும், இதுதான் நிலை. உங்களுக்குத் தெரிந்த பாட்டுகளில் பத்தை எடுத்து, கார்ட் பெயர்களை அடித்துவிட்டு எண்களாக எழுதுங்கள். அதே நாலைந்து வரிசைகள் வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவது தெரியும். இந்த எண்களுக்குள் வராத கார்ட் ஒன்று எங்காவது வந்தால் அதை விட்டுவிடாதீர்கள். பாட்டில் உங்களுக்குச் சிலிர்த்த இடம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் கார்டிலிருந்து ஒன்றாம் கார்டுக்கு ஏன் அப்படி ஒரு இழுப்பு என்பதையும் விரலாலேயே பார்க்கலாம். திறந்த வடிவத்தில் ஜி செவன்த் (ஜி கார்டோடு எஃப்பும் சேர்ந்தது) பிடியுங்கள். இரண்டாம் கம்பி திறந்து பி, முதல் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் எஃப். அந்த இரண்டை மட்டும் மீட்டுங்கள், நெருடும். இப்போது சி கார்டுக்கு வாருங்கள். பி ஒரு ஃப்ரெட் ஏறி சி ஆகிறது, எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஈ ஆகிறது. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள், எதிரெதிர்த் திசையில் ஒரே ஒரு ஃப்ரெட் நகர்கின்றன, நெருடல் தீர்கிறது. பக்கம் பக்கமாக எழுதப்படும் விஷயம் இந்த இரண்டு விரல் அசைவுக்குள் இருக்கிறது.

சரி, சோலோ. ஸ்கேல் படி மாதிரி கேட்பதற்குக் காரணம் ஸ்கேல் இல்லை. பின்னால் கார்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, நீங்கள் மட்டும் மாறாமல் ஒரே ஸ்கேல் வடிவமான பெட்டிக்குள் சுற்றுகிறீர்கள். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் எதையும் காதில் வாங்காமல் பேசிக்கொண்டே இருப்பது போல. இதற்கு நான் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சி ஒன்றுதான்.

ஏ மைனர், டி மைனர், ஈ செவன்த், ஏ மைனர். ஒவ்வொன்றும் நாலு அடி, நிமிடத்துக்கு 60 அடி வேகம். போனிலேயே பதிவு செய்து சுழலவிடுங்கள். உங்கள் கை அந்தப் பழைய பென்டடானிக் பெட்டியில், 5ஆம் ஃப்ரெட்டில் இருக்கட்டும். இப்போது ஒவ்வொரு கார்டின் மூன்றாம் ஸ்வரத்தை மட்டும் தேடுவோம். ஏ மைனருக்கு சி, மூன்றாம் கம்பி 5ஆம் ஃப்ரெட். டி மைனருக்கு எஃப், இரண்டாம் கம்பி 6. ஈ செவன்துக்கு ஜி ஷார்ப், நாலாம் கம்பி 6. திரும்பவும் சி. எல்லாமே கை நகராமல் எட்டும் இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் எஃப்பும் ஜி ஷார்ப்பும் அந்தப் பெட்டிக்குள் கிடையாது. இரண்டு வருடமாக விரல் தாண்டிப்போன ஃப்ரெட்கள் அவை.

முதல் சில நாள் ஒரு கார்டுக்கு ஒரே ஸ்வரம், முதல் அடியில், அதை நீட்டி நிறுத்துங்கள். வேறு எதுவும் வாசிக்கக் கூடாது. கை துறுதுறுக்கும், அடக்குங்கள். பின்னால் கார்ட் இல்லாமல் அந்த நாலு ஸ்வரத்தை மட்டும் தனியாக வாசித்தாலும் கார்ட் மாறுவது காதில் கேட்க வேண்டும். கேட்க ஆரம்பித்ததும் இரண்டாம் கட்டம். அந்த ஸ்வரத்துக்கு ஒரு ஃப்ரெட் கீழிருந்தோ, பக்கத்து ஸ்வரத்திலிருந்தோ வந்து சேருங்கள். அதற்கப்புறம்தான் இடைவெளிகளைப் பென்டடானிக்கால் நிரப்புவது. போய்ச் சேரும் இடம் தெரிந்துவிட்டால், போகிற வழியில் எப்படி நடந்தாலும் அது வாக்கியமாகிவிடும்.

அந்த ஜி ஷார்ப் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள், ஏ மைனர் ஸ்கேலில் ஜி தானே இருக்கிறது. ஐந்தாம் கார்ட் மைனராக இருந்தால் வீட்டுக்கு, அதாவது ஒன்றாம் கார்டுக்கு, இழுக்கும் பலம் குறைவு. அதனால் அதன் மூன்றாம் ஸ்வரத்தை அரைப்படி தூக்கி மேஜராக்கிக்கொள்கிறார்கள், ஜி ஷார்ப்பிலிருந்து ஏ ஒரே ஃப்ரெட் தூரத்தில் வந்துவிடும். இப்படி மாற்றிய ஸ்கேலுக்கு ஹார்மோனிக் மைனர் என்று பெயர், கீரவாணியின் ஸ்வரங்கள். பெயரை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. நாலாம் கம்பி 6ஆம் ஃப்ரெட்டை ஈ செவன்தில் அடிக்கும்போது கிடைக்கும் கசப்பும், அது ஏ–வில் கரைவதும் ஒரு தடவை காதில் பதிந்தால் போதும்.

பாடிக்கொண்டே வாசியுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, என்னுடையது இல்லை. வாசிக்கப் போகும் ஸ்வரத்தை வாசிப்பதற்கு அரை நொடி முன்பு வாயில் பிடிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. முடிகிறது என்றால் அந்தத் தியரி உங்களுடையது. முடியவில்லை என்றால் அது இன்னும் தாளில்தான் இருக்கிறது.

தாளத்தைப் பற்றி யாரும் தியரி என்று பேசுவதில்லை, இது எனக்கு நெடுநாள் வருத்தம். ஏழு ஸ்கேல் தெரிந்தவர் "ஒன்று–உம், இரண்டு–உம்" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே அடிக்கச் சொன்னால் தடுமாறுகிறார். ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் சுவாரசியமாக வாசித்துப் பாருங்கள். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்த "உம்"மில் அடிப்பது என்பதைத் தவிர வேறு ஆயுதமே இருக்காது. சோலோ படிக்கட்டு போல இருப்பதற்குப் பாதிக் காரணம் எல்லா ஸ்வரத்தையும் சம நீளத்தில் வாசிப்பதுதான்.

இப்போதைக்கு விட்டுவிடக் கூடியவற்றையும் சொல்கிறேன். நோட்டேஷன் படிப்பது கிளாசிக்கல் கிட்டாருக்கோ ரெக்கார்டிங் வேலைக்கோ போகிறவர்களுக்குக் கட்டாயம், மற்றவர்களுக்கு அவசரமில்லை. கீக்களை ஐந்தாம் ஸ்வர இடைவெளியில் வட்டமாக அடுக்கிய ஐந்தாம் சுழற்சி வட்டத்தைச் சுவரில் ஒட்டலாம், அழகாக இருக்கும், கீ மாற்றம் தேவைப்படும் நாளில் தானாகவே பார்ப்பீர்கள். கூடுதல் ஸ்வரங்கள் சேர்ந்த நைன்த், தேர்ட்டீன்த் கார்ட்கள் காத்திருக்கட்டும். மோட்கள்தான் அதிகம் பேரைக் குழப்புவது. டோரியன், மிக்சோலிடியன் என்று ஏழு வடிவங்களை மனப்பாடம் செய்துவிட்டு, எதை வாசித்தாலும் மேஜர் ஸ்கேல் மாதிரியே இருக்கிறதே என்பார்கள். பின்னால் எந்த ஸ்வரம் ஆதாரமாக ஒலிக்கிறது என்பதுதான் மோட். தம்புரா கேட்டுப் பழகியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். டி–யை மட்டும் விடாமல் ஒலிக்கவிட்டு அதன் மேல் சி மேஜரின் ஸ்வரங்களை வாசித்தால் அது டோரியன், கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். ஜி–யை ஒலிக்கவிட்டால் அதே ஸ்வரங்கள் மிக்சோலிடியன், ஹரிகாம்போஜி. ஒரு மாலை இதைக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரலாம்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், தினம் அரை மணி நேரம் வைத்துக்கொண்டால் இங்கே சொன்னதெல்லாம் கைக்கு வர நாலைந்து மாதம் என்பது என் அனுபவக் கணக்கு. அரை மணியில் ஐந்து நிமிடம் ஸ்வரப் பெயர், பத்து நிமிடம் அந்த நாலு கார்ட் பயிற்சி, மீதி நேரம் பாட்டு. பாட்டை மட்டும் எந்த நாளும் வெட்டாதீர்கள். முதல் வாரத்துக்கு உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு பாட்டை எடுங்கள். அதன் கார்ட்களை எண்ணாக எழுதி, ஒவ்வொரு கார்டிலும் இருக்கும் மூன்று ஸ்வரங்களின் பெயரை அடியில் குறித்து, அதே பாட்டை இரண்டு ஃப்ரெட் மேலே, கேபோ இல்லாமல் வாசித்துப் பாருங்கள். தடுமாறுகிற இடத்தைத் தாளில் வட்டமிட்டு வையுங்கள், இரண்டாம் வாரம் அங்கிருந்து தொடங்கலாம்.